எனக்குக் காட்டாத பச்சை விளக்கு

அல்லாஹ்வின் கருணையால் இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன். வழக்கத்துக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது, சகோதரர்களே. 1946-ஆம் வருஷம், மழைக்காலம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மீனம்பாக்கத்து மைதானத்துக்கு மேலே நான் ஓட்டிவந்த விமானத்தின் சக்கரங்களுக்கும் இன்னொரு விமானத்தின் இறக்கைக்கும் இடையில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கீழே ஒரு விமானம் இருந்ததே எனக்குத் தெரியாது. அதில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாகியும் அந்த அதிர்ச்சி என்னை முழுதாக விடவில்லை.

ஆனால் என் தவிப்பு அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. அதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. அத்தாவுக்குப் பாண்டி பஜாரில் குடைக்கடை. அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மவுத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார்கள். அக்கா ஜைனபை அடுத்த வீட்டிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் இரண்டு வீட்டு அடுப்பும் அவள் கையில் இருந்தது. அத்தாவுக்கு ஆண் பிள்ளை நான் ஒருவன்தான். காலேஜ் முடித்ததும் கடைக்கு வந்து உட்காருவேன் என்று அத்தா நினைத்தார். நான் மாம்பலத்தில் ரெயில் ஏறி மீனம்பாக்கத்துக்குப் போய், பறக்கும் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். விமானம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்ஸையும் வாங்கிவிட்டேன். அத்தா ஒரு நாள்கூட அந்த மைதானத்துக்கு வந்ததில்லை. நான் என்ன செய்கிறேன் என்று கேட்டதும் இல்லை.

அந்தச் சமயத்தில் அயல்நாட்டு விமானக் கம்பெனி ஒன்றின் அதிகாரி மதராஸுக்கு வந்து, மவுண்ட் ரோட்டில் ஓர் ஓட்டலில் தங்கினார். யுத்தம் முடிந்து அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நெடுந்தூர விமானங்கள். நான்கு இஞ்சின். கெய்ரோ, கராச்சி, ரங்கூன், சிங்கப்பூர், அதற்கும் அப்பால் சிட்னி. என்னைக் கேள்வி கேட்டார், மீனம்பாக்கத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டாவது விமானியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஏழு வருஷ ஒப்பந்தம். கெய்ரோவில் குடியிருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வரலாம். யோசித்து இரண்டு வாரத்தில் பதில் சொல் என்றார்.

லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன். அத்தா அப்போதுதான் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டால் காலைத் துடைத்தார். நிதானமாக இரண்டு காலையும் துடைத்தார். பிறகு சொன்னார்:

"நீ சிட்னில இருக்கச்சே நான் மவுத்தானேன்னு வெச்சுக்க. ஜனாஸாவ எத்தினி நாள் போட்டு வெப்பாங்க?"

நம்மில் யாரும் மய்யித்தை, இறந்தவர் உடலை, ஒரு நாளுக்கு மேல் அடக்காமல் வைத்திருக்க மாட்டோம். மகன் முன்னால் நின்று ஜனாஸாத் தொழுகை தொழவைக்க வேண்டும் என்பது எந்தத் தகப்பனுக்கும் ஆசை. உலகத்தின் அடுத்த மூலையிலிருந்து எந்த விமானத்தில் ஏறினாலும் அந்த ஒரு நாளுக்குள் வந்து சேர முடியாது. மற்றவர்களைவிட அது எனக்கு நன்றாகவே தெரியும். தூரத்தைக் கணக்குப் போடுவதுதானே நான் படித்த படிப்பு.

அதற்குப் பிறகு அத்தா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சும்மா இருந்ததுதான் என்னைக் கொன்றது. போனால் அத்தாவை இழப்பேன். போகாவிட்டால் குடைக்கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே செத்துப் போவேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, இந்தச் செய்தி கேட்டு அடையாற்றிலிருந்து சைக்கிளில் வந்தார். அவருக்கு ஒரே குஷி. "போடா போ. இவுரு ஆயுசு பூரா குடை வித்து ஜனங்களுக்கு வானத்த மறச்சவரு. இவுருகிட்ட போயி வானத்துக்குப் போகட்டுமான்னு கேட்டா இன்னா சொல்வாரு?" என்றார். அத்தாவே சிரித்துவிட்டார். புறப்படும்போது மாமுதான் எனக்கு வழி காட்டினார். இஸ்திகாரா தொழு, அல்லாஹ்வையே கேள் என்றார். பச்சையோ வெள்ளையோ கனவில் வந்தால் போ, சிவப்போ கறுப்போ வந்தால் நின்றுவிடு என்றும் சொன்னார்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு இஸ்திகாரா தெரிந்திருக்கும். ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று மனம் தடுமாறும்போது இரண்டு ரக்அத் தொழுது, எனக்கு நல்லதென்று நீ அறிந்ததை எனக்கு லேசாக்கு, கெட்டதானால் என்னை விட்டு அதை அகற்று என்று அல்லாஹ்விடம் கேட்கிற துஆ. அந்தத் துஆவில் கனவு என்ற பேச்சே இல்லை. நிறம் என்ற பேச்சும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் எல்லாரும் கனவைத்தான் எதிர்பார்க்கிறோம். நானும் எதிர்பார்த்தேன். அதுவும் எப்படி! எங்கள் சிறிய விமானங்களில் ரேடியோ கிடையாது. இறங்க வரும்போது மைதானத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கைவிளக்கைக் காட்டுவார்கள். பச்சை என்றால் இறங்கு. சிவப்பு என்றால் சுற்று. விளக்கைப் பார்த்தே பழகிய எனக்கு மாமு சொன்ன வழி பிடித்துப்போனது. அல்லாஹ்வும் ஒரு விளக்கைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தொழுதேன். சில இரவுகள் ஒன்றுமே வரவில்லை. பிறகு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இறங்கலாம் போன்ற வெளி. விழித்தெழுந்து சந்தோஷத்தில் குதித்தேன். விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஆப்பச்சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெனமும் நீ பாக்கறது அந்தப் புல்தானேடா. அது கனவுல வராம அத்தாவோட குடையா வரும்? ஒண்ணு கேக்கறேன். நீ அல்லாஹ்கிட்ட கேக்கறதுக்குத் தொழுதியா, கையெழுத்து வாங்கறதுக்குத் தொழுதியா?"

கோபம் வந்துவிட்டது. அடுப்பங்கரையை விட்டு வெளியே தெரியாதவள் என்று மனதுக்குள் திட்டினேன். அன்றைக்கே மவுண்ட் ரோட்டுக்குப் போய்க் கம்பெனி அதிகாரியிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் பம்பாய்க்கு ரெயில், அங்கிருந்து கெய்ரோ. அத்தாவிடம் சொன்னேன். நல்லது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

புறப்படும் முன் வந்த கடைசி ஞாயிறு. அத்தா காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, துருக்கித் தொப்பி வைத்து, கிண்டியில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போயிருந்தார். நான் மைதானத்துக்குப் போனேன். ஊரை மேலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசை. சங்கத்தின் சின்ன விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரையோரமாகப் போனேன். சாந்தோம் தெரிந்தது. எங்கள் சந்து தெரிந்தது. அக்கா மாடியில் காயப்போட்டிருந்த புடவைகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. அடையாற்று முகத்துவாரத்தில் திரும்பி, ஆற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டினேன். மனம் பொங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் எனக்காகவே விரித்து வைத்த மாதிரி இருந்தது.

இறங்குவதற்காக நேராகத் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு. சந்தேகமே இல்லாத, அசையாத பச்சை. இஞ்சின் வேகத்தைக் குறைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கீழே இறக்கினேன்.

எங்கள் விமானத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. ஓட்டுகிறவன் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பான். நேர் கீழே வருவதைக் கீழ் இறக்கை மறைக்கும். நேர் மேலே வருவதை மேல் இறக்கை மறைக்கும். ஒரே மாதிரியான இரண்டு விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்துக்கு இறங்கினால் இரண்டு பேருக்கும் அடுத்தவன் இருப்பது தெரியாது.

அன்றைக்கு நடந்தது அதுதான். பல்லாவரம் பக்கமிருந்து இன்னொரு சங்க விமானம் தாழ்வாகச் சுற்றி வந்து எனக்கு அடியில் நுழைந்திருந்தது. பச்சை விளக்கைக் காட்டியது அதற்குத்தான். அதே கோட்டில் மேலே வந்த என் கண்ணிலும் அது பட்டது. நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

தரை நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போது மைதானத்திலிருந்து சிவப்பு வாணம் ஒன்று சீறிக்கொண்டு எழுந்தது. இறங்காதே என்று அர்த்தம். ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை காட்டிவிட்டுச் சிவப்பா? ஆனால் யோசிப்பதற்குள் என் கை இஞ்சினை முடுக்கிவிட்டது. யா அல்லாஹ் என்று வாய் கத்தியது. விமானம் உதறிக்கொண்டு மேலே ஏறியது. ஏறித் திரும்பும்போதுதான் எட்டிப் பார்த்தேன். நான் இருந்த இடத்துக்கு நேர் கீழே அதற்குள் தரையைத் தொட்டுவிட்ட மஞ்சள் இறக்கை விமானம் ஒன்று மெதுவாக உருண்டுகொண்டிருந்தது.

மைதானத்தைச் சுற்றினேன். மறுபடி பச்சை காட்டினார்கள். என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை சுற்றினேன். முன்னால், பின்னால், கீழே, எல்லா இடத்திலும் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். வானத்தில் நான் ஒருவன்தான் என்று தெரிந்த பிறகே இறங்கினேன்.

விமானம் நின்றதும் எங்கள் மெக்கானிக் கன்னியப்பன் ஓடி வந்தான். எப்போதும் கேலி பேசுகிறவன். அன்றைக்கு அவன் முகத்தில் ரத்தமே இல்லை. என் கையைப் பிடித்து இறக்கினான்.

"நைனா, கொஞ்சம் உக்காரு. அந்த வண்டில ஒங்க அத்தா கீறாரு."

புரியவில்லை. அத்தா கிண்டியில் அல்லவா இருக்கிறார்? திரும்பிப் பார்த்தேன். அந்த விமானத்தின் முன்னிருக்கையிலிருந்து, பயிற்சி ஆசிரியர் தோள்கொடுக்க, ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. தலையில் விமானிகளின் தோல் தொப்பி. கையில் பத்திரமாகத் துருக்கித் தொப்பி.

அப்போதுதான் நான் புல்லில் உட்கார்ந்தேன்.

மகனுடைய தொழிலைப் பார்க்க வந்தேன் என்று அத்தா சொன்னாராம். பையன் மேலே போயிருக்கிறான், நீங்களும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள் என்று ஆசிரியர் ஏற்றிக்கொண்டாராம். என் ஜனாஸாவுக்கு எங்கிருந்து வருவாய் என்று கேட்ட மனிதர். அவருடைய ஜனாஸாவை நான் என் கையாலேயே கொண்டுவர இருந்தேன். என்னுடையதையும் சேர்த்து.

அத்தா என்னிடம் வந்தார். "மேல திடீர்னு நெழல் வுழுந்திச்சு. மேகம்னு நெனச்சேன். நீதானா அது?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். என் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

மீனம்பாக்கம் ஸ்டேஷனில் ரெயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நீ போகக் கூடாதுன்னே துஆ கேட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கு சுபுஹுல அது சரியில்லன்னு தோணிச்சு. எனக்கு வேண்டியத கேக்காம, புள்ளைக்கு எது நல்லதோ அதக் குடுன்னு கேட்டேன். மனசு லேசாச்சு. அப்பதான், நீ இன்னாதான் செய்யறேன்னு ஒரு தடவ பாக்கணும்னு வந்தேன்." ரெயில் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மேலேர்ந்து பாத்தேன். கடலு, ஆறு, நம்ம ஊரு. இத வுட்டுட்டுக் கடைக்கு வான்னு எப்படிச் சொல்றது? நீ போயிட்டு வா."

பிளாட்பாரத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் கேட்டது கேள்வி. நான் வாங்கப் போனது கையெழுத்து. அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் இரண்டு ரக்அத் தொழுதேன். நிறம் கேட்கவில்லை. கனவு கேட்கவில்லை. எது நல்லதோ அதைக் கொடு, கொடுத்ததில் என் மனதை நிறையவை என்று மட்டும் கேட்டேன். அன்று இரவு கனவே வரவில்லை. மறு இரவும் வரவில்லை.

கனவு வரவில்லையே தவிர, காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஒவ்வொன்றும் எனக்கு அடியாக விழுந்தது. நடந்ததை விசாரிக்க வேண்டும் என்று மைதானத்து அதிகாரி சொல்லிவிட்டார். விசாரணை முடியும் வரை என் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கல்கத்தாவுக்குப் போயிருந்த கம்பெனி அதிகாரிக்குத் தந்தி கொடுத்தேன். அவர் அங்கிருந்து பதில் கொடுத்தார். வருத்தம், காத்திருக்க இயலாது, வேறொருவரை எடுத்துக்கொண்டோம்.

சகோதரர்களே, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அப்போது நன்றி வரவில்லை. உயிரைக் காப்பாற்றினாய், அத்தாவின் மனதையும் திருப்பினாய், இந்த வேலையை மட்டும் ஏன் பிடுங்கினாய் என்று அல்லாஹ்விடம் கேட்டேன். அத்தா தடுத்திருந்தால்கூட அவர்மேல் கோபப்பட்டு ஆறியிருப்பேன். அவர் போ என்று சொன்ன பிறகு கதவு மூடியதைத்தான் தாங்க முடியவில்லை. சில நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கேட்டது நீ. குடுத்தது அவன். இப்ப யாரு மேல கேஸு போடப் போறே?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி கண்டிப்பான மனிதர். நான் பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். விளக்குக் காட்டியவர்மேல் தவறில்லை, அவர்தான் சிவப்பு வாணம் விட்டு எங்களைக் காப்பாற்றியவர் என்றேன். கீழே வருகிறவனுக்குக் காட்டும் விளக்கு, அதே கோட்டில் மேலே வருகிறவனுக்கும் தனக்குக் காட்டியதாகவே தெரியும் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஒருவன் பின்னால் ஒருவன் வரும்போது மேலே இருப்பவனுக்கு முதலில் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் கீழே இருப்பவனுக்குப் பச்சை காட்ட வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே சூடு பிடித்துவிட்டது. அங்கே நான் குற்றம் சாட்டப்பட்டவன் என்பதே மறந்துபோனது.

அவர் அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இங்கே விளக்குப் பிடிக்கிறவர்கள் யாரும் மேலிருந்து அதைப் பார்த்ததில்லை என்றார். கோபுரத்துக்கு ஆள் எடுக்கிறோம், பயிற்சிக்கு வருகிறாயா என்று கேட்டார்.

நான் அதிர்ந்துவிட்டேன். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து போனவனுக்கு வேலை. அதுவும் குடைக்கடை இல்லை, கெய்ரோவும் இல்லை. நான் கேட்க நினைத்தே பார்க்காத மூன்றாவது வழி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதில் எந்தப் போராட்டமும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் இருந்த கல்லைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை. இதுதான் பதில் என்று புரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இன்று நான் மீனம்பாக்கத்துக் கோபுரத்தில் வேலை செய்கிறேன். லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. லீவு நாட்களில் பறக்கிறேன். மழைநாளில் வழிதெரியாமல் தடவிக்கொண்டு வரும் விமானங்களை எத்தனையோ தடவை பத்திரமாக இறக்கியிருக்கிறேன். அந்தக் கம்பெனிக்கு ஒரு குறையும் வரவில்லை, நன்றாகவே நடக்கிறது. போன மழைக்காலத்தில் அவர்களுடைய நான்கு இஞ்சின் விமானம் ஒன்று, கொழும்பில் புயல் என்று இங்கே வந்து இறங்கியது. என் இடத்தில் சேர்ந்த பம்பாய்ப் பையன் கோபுரத்துக்கு ஏறி வந்தான். டீ குடித்தோம். சிட்னியைப் பற்றி ஆசை ஆசையாகச் சொன்னான். சந்தோஷமாகக் கேட்டேன். அவன் போன பிறகு என் மனதைத் தடவிப் பார்த்தேன். எரிச்சல் இல்லை. அவனுக்குக் காட்டிய பச்சையில் அவன் போகிறான்.

படிக்கிற உங்களில் யாராவது இரண்டு வழிக்கு நடுவில் நின்று தூக்கமில்லாமல் தவித்தால், கை, முகம், கால் கழுவி ஒளு செய்துகொண்டு இரண்டு ரக்அத் தொழுங்கள். உங்களுக்கு வேண்டிய பதிலை உள்ளங்கையில் ஒளித்து வைத்துக்கொண்டு கை ஏந்தாதீர்கள். கனவுக்குக் காத்திருக்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே போங்கள். மூட வேண்டியதை அவன் மூடுவான். மூடும்போது வலிக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அத்தா நலமாக இருக்கிறார். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்து, கோபுரத்துக்குக் கீழே ஒரு குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்ப்பார். சென்ற வாரம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ மேல போவணும்னு ஆசையா இருக்குடா. ஆனா அன்னிக்கு வெளக்காண்ட நீ இருக்கணும்."

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அவரை மேலே அழைத்துப் போகப் பயிற்சி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பச்சை விளக்கு என் கையில் இருக்கும்.